அக்கா பதில்கள்: பயணத்தின் கடைசி நாள்

கேள்வி: வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து என முதுகுப்பையுடன் பல மாதங்கள் சுற்றிவிட்டு சிங்கப்பூர் திரும்புகிறேன். ஒரு நாள்தான் இருப்பேன். மறுநாள் பெர்த்தில் குடியேற விமானம் ஏறுகிறேன். அந்த நாளை எப்படிக் கழிக்கலாம், அக்கா?
– ஈசூன் வாசகர்

பதில்: ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள், தம்பி. முதல் வேலை காலணி. பெர்த் இருக்கும் ஆஸ்திரேலியாவில், வெளியூர் மண்ணும் விதையும் உணவும் நுழையாமல் தடுக்கும் விமான நிலையச் சோதனை மிகக் கடுமை. அடிப்பாகத்து இடுக்குகளில் அப்பியிருக்கும் செம்மண்ணையும் புல்விதைகளையும் பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவி வெயிலில் வையுங்கள். கூடாரம் இருந்தால் அதன் ஆணிகளையும் பாருங்கள். அம்மா கட்டித்தரும் மசாலாத் தூளை ஆஸ்திரேலிய வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்; மறைத்தால் அபராதம். கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம்.

காலணி காய்வதற்குள் அம்மாவுடன் தேக்கா ஈரச்சந்தைக்குப் போய்வாருங்கள். இத்தனை மாதமும் உங்கள் குறுஞ்செய்திக்காகக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். செவுளைத் தூக்கிப் பார்த்து அவரே மீன் வாங்கட்டும். பையை நீங்கள் சுமங்கள். நண்பர்களை இரவு வீட்டுக்கே சாப்பிட வரச் சொல்லுங்கள்.

பெர்த் சுமார் 5 மணி நேரப் பயணம்தான். நமக்கும் அங்கும் கடிகாரம் ஒன்றே. தினமும் சாப்பாட்டு வேளையில் அம்மாவை அழையுங்கள். நேர வித்தியாசம் என்று சாக்குச் சொல்ல முடியாது.