அறைக்குள் ஓதம், வெளியே ஓதம்

கேள்வி: ஒரு தீவில் இருக்கும் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். விடுதியில் இருவர் தங்கும் சின்ன அறை. வீட்டிலிருந்து மூன்று பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். நான்கு மாதமாகக் கட்டிலுக்கடியில் ஒன்று, அலமாரிமேல் ஒன்று, மூலையில் ஒன்று. திறக்காத அட்டைப்பெட்டிகள் வேறு. துணியெல்லாம் மக்கல் வாடை அடிக்கிறது. சனி, ஞாயிறு சுத்தம் செய்வதிலேயே போய்விடுகிறது. இவ்வளவு அழகான இடத்தில் இருந்துகொண்டு கடற்கரைக்குப் போனது இரண்டே முறை. நீச்சலும் தெரியாது. அறையை எப்படிக் குறைப்பது, வெளியே போவதை எங்கிருந்து தொடங்குவது, சொல்லுங்கள் மேடம்.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘மக்கல் வாடை’ என்ற சொல். தீவு விடுதிகளில் பல ஆண்டுகள் காப்பாளராக இருந்திருக்கிறேன், மாணவர்களைக் கடலோரத்துக்குக் கள வகுப்புக்கு அழைத்தும் போயிருக்கிறேன். பொருள் அதிகம் என்பது உங்கள் பிரச்சினையில் பாதிதான். மீதிப் பாதி ஓதம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் கட்டிலுக்கடியில் வைத்த பெட்டி அடுத்த வருடமும் அப்படியே இருக்கும். தீவில் இருக்காது. காற்றுப் புகாத மூலை ஒவ்வொன்றிலும் பூஞ்சை குடியேறிவிடும். நீங்கள் வாரா வாரம் துடைத்தும் வேலை முடியாமல் இருப்பது அதனால்தான்.

தமிழில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். கடல் பொங்கி ஏறுவதற்கும் அதே சொல்தான். உங்களுக்கு இப்போது இரண்டைப் பற்றியும் கொஞ்சம் தெரியவேண்டும்.

முதலில் உப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடலில் நனைந்த துண்டு அரை லிட்டர் நீரைச் சுமந்து வந்தால், அதில் மட்டும் 17 கிராம். கொடியில் போட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு நூலோடு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு காற்றிலிருந்து தானாகவே நீரை இழுக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான். தீவில் இரவு நேர ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மதியம் மொறமொறவென்று இருந்த துண்டு இரவில் மறுபடி பிசுபிசுப்பது இதனால்தான். அந்தத் துண்டை மடித்து மற்றத் துணிகளோடு வைத்தால் அலமாரி முழுக்க ஈரம் பரவும். ஆகவே கடலுக்குப் போய்வந்த எதுவும் நல்ல தண்ணீரில் அலசாமல் அலமாரிக்குள் போகக்கூடாது. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

அடுத்து பெட்டிகள். அறை முழுவதையும் ஒரே நாளில் கவிழ்க்காதீர்கள். கவிழ்த்தால் சாயங்காலம் படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணிப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும். வெயில் உள்ள நாளில், நடுப்பகலில் திறங்கள். அப்போதுதான் காற்று கொஞ்சம் வறண்டிருக்கும்.

ஒரு மாணவி கட்டிலுக்கடியிலிருந்து இப்படி ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். மேலே இருந்த சட்டைகள் நன்றாகவே இருந்தன. அடியில் சுருட்டி வைத்த தோல் பெல்ட்டின்மேல் மட்டும் சாம்பல் பச்சையாகத் தூள் தூவியது போல இருந்தது. விரலால் தொட்டாள், தூள் விரலில் ஒட்டிக்கொண்டு அடியில் கறுப்புத் தோல் தெரிந்தது. “துடைச்சுட்டேன் மேடம், போயிடுச்சு” என்றாள். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி இருந்தது. பெல்ட்டைத் துடைத்தாளே தவிர, பெட்டி மறுபடி அதே காற்றில்லாத இடத்துக்குத்தான் போயிருந்தது.

எனவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ‘இது வேண்டுமா’ என்று கேட்காதீர்கள். எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும், வீட்டு ஞாபகம் வேறு வரும். ‘வாரம் ஒருமுறையாவது இதைத் தொடுவேனா’ என்று கேளுங்கள். தொடுவேன் என்றால் அது திறந்த இடத்தில், காற்றுப் படும்படி இருக்கவேண்டும். தொடமாட்டேன், ஆனால் கட்டாயம் வேண்டும் என்பவை சில இருக்கும்: சான்றிதழ்கள், ஒரு விசேஷ உடுப்பு, குளிர் ஊருக்குப் போகும்போது போடும் ஸ்வெட்டர், கேமரா. இவற்றை நன்றாக உலர்த்தி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். உலர்த்தாமல் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிய கணக்குதான். சிலிக்கா ஜெல் மூடிய டப்பாவுக்குள் மட்டுமே பயன்படும், திறந்த அலமாரியில் தொங்கவிட்டால் அது ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்துச் சீக்கிரமே நிறைந்துவிடும்.

இந்த இரண்டிலும் சேராதவை அறையைவிட்டுப் போகவேண்டும். எங்கே போகும் என்பதைத் தீவில் யோசித்தே ஆகவேண்டும். இங்கே பெரும்பாலான பொருள் கப்பலேறி வந்தது. குப்பையோ தீவிலேயே புதைகிறது, இல்லையென்றால் மறுபடி கப்பலேறுகிறது. உங்களிடம் இரண்டாக இருக்கும் வாளி, மேசை விளக்கு, போர்வையெல்லாம் பக்கத்து அறையில் ஒருவருக்குத் தேவைப்படும், கேட்டுப் பாருங்கள். கல்வியாண்டு முடிவில் பார்த்தால் போகிறவர்கள் எறிவதும் வருகிறவர்கள் அதையே வாங்குவதும் ஒரே மாதத்தில் நடக்கும். அதைப் பார்த்து எனக்குப் பலமுறை மனம் வலித்திருக்கிறது. காப்பாளரிடம் கேட்டு ஒரு மூலையில் பொது அலமாரி வைக்க முடியுமா என்று பாருங்கள். காலியான பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் மூன்று பெட்டி ஒரு பெட்டி இடத்தில் அடங்கும்.

அட்டைப்பெட்டிகளை இன்றைக்கே வெளியேற்றுங்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கரப்பான், ராமபாணப் பூச்சி இரண்டுக்கும் அது நல்ல வீடு.

இடம் கிடைத்த பிறகு அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் விரல் நுழையும் இடைவெளியோடு நிறுத்துங்கள். ஜன்னலை எப்போதும் திறந்தே வைப்பது நல்லது என்று நினைக்கவேண்டாம். மழை விட்டதும், பின்னிரவிலும் வெளிக்காற்று ஈரமாக இருக்கும். காலை பத்திலிருந்து மாலை நான்குவரை திறந்து வைத்தால் போதும். ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த சுவரில் வெளியீரம் நீராகப் படியும். முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பு கஷ்டம். நனைந்த துணி மட்டும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தே ஆகவேண்டும்.

சுவரில் ஏற்கெனவே பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடைத்து உடனே உலர்த்துங்கள். ப்ளீச் பயன்படுத்தினால் அதோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ கழிவறை அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும், சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அறைத்தோழியிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் பக்கம் இருக்கும் பொருளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சரி, இப்போது வெளியே போவோம்.

நீச்சல் தெரியாதது பெரிய தடையே இல்லை. கடலின் கடிகாரம் தெரியாததுதான் தடை. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கடல் முழுக்க வற்றியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். போன வாரம் நடந்துபோன பாறைத் திட்டு இந்த வாரம் தண்ணீருக்கடியில். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

ஒருமுறை நானே ஒரு குழுவோடு பாறை முனைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். வற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் மெல்ல ஏறுவது போலத்தான் இருந்தது, இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் ஏற்றம் சீராக வருவதில்லை. ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். திரும்பிப் பார்த்தபோது வந்த வழி இடுப்பளவு அலையாக இருந்தது. மேட்டுப் பாறையில் ஏறி, கடல் மறுபடி இறங்கும்வரை பல மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயந்துபோன அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்புவேன், தொட்டதும் திரும்பிவிடுவேன்.

உங்களுக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான்: ஒரு சனிக்கிழமை கரை, அடுத்த சனிக்கிழமை மேடு. காலையில் கடல் வற்றும் வாரம் கரையோரம் நடங்கள். நிறையும் வாரம் குன்றுப் பக்கம், காட்டுப் பாதை. உயரமான குன்று உள்ள தீவுகளில் காற்று மோதும் பக்கம் மழை அதிகம், மறுபக்கம் வறண்டிருக்கும். ஒரு பக்கம் மேகம் திரண்டிருந்தால் அன்றைய நடையை மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். வெப்பமண்டலத் தீவுகளில் சூரியன் மறைந்ததும் மளமளவென்று இருட்டிவிடும் என்பதால், மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாலைக்கு வந்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அறைத்தோழியிடம் சொல்லாமல் கிளம்பவேண்டாம்.

கரையில் கால் வைப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். பாறை நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வரும் என்று அர்த்தம். கறுப்பாக, வழவழவென்று தெரிவது பாசி, அதில் கால் வழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாக, சற்றுக் கலங்கலாக ஓர் இடைவெளி தெரியலாம். நீச்சல் தெரியாதவர்கள் அந்த இடம்தான் பாதுகாப்பு என்று நினைத்து இறங்குவார்கள். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், அந்த இடைவெளியில் இறங்கவே வேண்டாம். ஒருவேளை இழுத்துவிட்டால் எதிர்த்துப் போராடாமல் மல்லாந்து மிதந்து, கை தூக்கி உதவி கேளுங்கள். நீச்சல் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வரவேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஆண்டே நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலுக்கடியில் இருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் கொட்டும், சில வகைகளின் விஷம் ஆளைக் கொல்லும். கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். காலிச் சங்குகளையும் நான் எடுத்துவர விடமாட்டேன். துறவி நண்டுகளுக்கு அவைதான் வீடு. எடுத்துவந்தால் உங்கள் மேசையிலும் தூசி படியும் பொருள் ஒன்று கூடும்.

வெயிலைக் குறைத்து எண்ணவேண்டாம். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி வீசும். அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நல்ல காப்பு, ஆனால் கீழிருந்து வரும் கதிரைத் தொப்பி தடுக்காது. துணி மூடாத தோலில் சன்ஸ்கிரீன் பூசும்போது, பவளத்துக்குக் கெடுதல் குறைவு என்று கருதப்படும் துத்தநாக ஆக்சைடு உள்ளதைப் பாருங்கள். பவளத்தைக் காக்க, ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களை விற்பதை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

அப்புறம், கதவோரம் ஒரு கொக்கி அடித்து ஒரு பையை நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், விசில், சிறிய டார்ச், கட்டுத்துணி, மெல்லிய துண்டு அதிலேயே இருக்கட்டும். கடலுக்கென்று இரண்டு ஜோடி உடுப்பை மட்டும் ஒதுக்குங்கள், சீக்கிரம் காயும் மெல்லிய துணியாக. பையைத் தேடும் வேலை இல்லாவிட்டால் கிளம்ப ஐந்து நிமிடம் போதும்.

திரும்பி வந்ததும் கதவுக்கு வெளியே நில்லுங்கள். ஈர மணலைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் நூலுக்குள் போகும். காயட்டும், காய்ந்த மணல் தட்டினாலே உதிரும். உதிர்ந்ததும் உடுப்பு, துண்டு, செருப்பு மூன்றையும் ஒரே வாளி நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.