அக்கியும் ஒரு பெயரடையும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு நான்கு மாதம் முன்பு இடுப்பில் அக்கி வந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து தழும்பும் மங்கிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. துணி உரசினாலே துடித்துப்போகிறார். மருத்துவர் சீட்டில் ‘போஸ்ட் ஹெர்பெடிக் நியூரால்ஜியா’ என்று எழுதியிருக்கிறார். ‘ஹெர்பெடிக்’ என்று இணையத்தில் தேடினால் வந்து நிற்பதெல்லாம் பால்வினை நோய். அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மா கண்ணில் படாமல் சீட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். போன வாரம் தம்பியின் தோல் அரிப்புக்கு வேறொரு மருத்துவர் ‘டெர்மடைட்டிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ்’ என்று சொல்லியிருக்கிறார். அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று இருவருக்கும் தனித் துண்டு, தனித் தட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்பவர் என்பதால் கேட்கிறேன். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தச் சீட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ‘அக்கி ஆறிய பிறகும் விடாத நரம்பு வலி’ என்பதுதான் அந்த மூன்று சொல்லுக்கும் பொருள். மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் இந்தப் பெயரை எழுதுவார்கள்.

அக்கிக்குக் காரணம் சின்னம்மை வைரஸ். எப்போதோ சின்னம்மை வந்து போனபோது உடம்பைவிட்டுப் போகாமல் நரம்பு முடிச்சில் படுத்துக்கொண்டது, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக மட்டும் பட்டை போட்டதுபோல வருகிறது. மருத்துவப் பெயர் ஹெர்ப்பிஸ் ஸோஸ்டர். ஸோஸ்டர் என்றால் கிரேக்கத்தில் அரைக்கச்சை.

நீங்கள் இணையத்தில் பார்த்தது இதன் பங்காளியான ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதிலும் முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளம் போடுவது. பலருக்கும் சிறுவயதிலேயே தொற்றிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் அது இருக்கிறது. இவ்வளவு பேரிடம் இருப்பதற்கு யார் வெட்கப்படுவது?

இந்த ஹெர்ப்பிஸ் குடும்பத்தில் மனிதரைத் தொற்றும் வைரஸ்கள் ஒன்பது. ஆனால் ‘ஹெர்பெடிக்’ என்று மருத்துவர் எழுதினால் பெரும்பாலும் சிம்ப்ளெக்ஸைச் சொல்கிறார். சில இடங்களில், உங்கள் அம்மாவின் சீட்டில்போல, ஸோஸ்டரை. எப்ஸ்டீன் பார் வைரஸும் இதே குடும்பம்தான். அதனால் வரும் காய்ச்சலை யாரும் ஹெர்பெடிக் என்பதில்லை.

சொல்லின் வேர் ‘ஹெர்ப்பைன்’, ஊர்ந்து போதல். வடமொழியின் சர்ப்பமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பாம்பு, பல்லிகளைப் பற்றிய படிப்புக்கு ஹெர்பெட்டாலஜி என்று பெயர் வைத்ததும் இதனால்தான். தோலில் ஊர்ந்து பரவுகிற புண்களையெல்லாம் பழைய கிரேக்க மருத்துவர்கள் ஹெர்ப்பிஸ் என்றார்கள். வைரஸ் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதாவது பெயர் முதலில் தோற்றத்துக்குத்தான் வைக்கப்பட்டது, காரணத்துக்கு வந்து சேர்ந்தது வெகு பின்னால். உங்கள் தம்பியின் குழப்பம் இங்கேதான் இருக்கிறது.

பள்ளியில் தொகை படித்திருப்பீர்கள். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். மலர்விழி என்றால் மலர் போன்ற விழி; மலரால் செய்த விழி அல்ல. ஹெர்பெடிக் பொற்குடம், ஹெர்பெடிஃபார்ம் மலர்விழி. முன்னதில் ஹெர்ப்பிஸ் வைரஸால் வந்த நோய். பின்னதில் ஹெர்ப்பிஸ் போலக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடும் நோய், அவ்வளவுதான். 1884இல் டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டனை உடம்பு ஏற்காததால் வருவது என்று பிறகு தெரிந்தது. வைரஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். தோல் நோய்க் கையேடு ஒன்றில் இந்தப் பெயரை ‘ஹெர்ப்பிஸ் தோலழற்சி’ என்று தமிழாக்கிவிட்டேன். சரிபார்த்த மருத்துவர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘அப்படியானால் இவருக்கு அசைக்ளோவிர் கொடுக்கலாமா?’ அது ஹெர்ப்பிஸ் வைரஸுக்கான மருந்து. அன்றிலிருந்து தொகையை விரித்தே எழுதுகிறேன், ‘ஹெர்ப்பிஸால் வந்த’, ‘ஹெர்ப்பிஸ் போன்ற’ என்று. ‘ஹெர்ப்பிஸ் சார்ந்த’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எப்படிச் சார்ந்த?

அந்த ஒற்றை அடைமொழி எவ்வளவு முக்கியம் என்பதைக் கண் மருத்துவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். கண் சிவந்து உறுத்துகிறது என்று ஒருவர் வருகிறார். ஒரு சொட்டுச் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் கருவிழியின் மேல் பச்சையாக ஒரு சின்ன மரம் கிளைவிட்டு நிற்கும், கிளை நுனிகளில் மொட்டுகளோடு. அது சிம்ப்ளெக்ஸ் போட்ட புண். அதைக் கவனிக்காமல் சாதாரணச் சிவப்புதானே என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் விட்டால் மரம் பெரிதாகிவிடும். ‘கெராட்டைட்டிஸ்’ என்றால் வெறும் கருவிழி அழற்சி. முன்னால் ‘ஹெர்பெடிக்’ சேர்ந்தால் மருந்தே மாறிவிடுகிறது.

அப்புறம் துண்டும் தட்டும். கொப்புளம் நீர் கோத்திருக்கும்போதுதான் அக்கியிலிருந்து வைரஸ் பரவும், அதுவும் சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மையாக. அம்மாவுக்கு அந்தக் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. தம்பியுடையது ஒட்டுகிற நோயே அல்ல. அவர் சாப்பாட்டைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும், அம்மாவின் வலிக்கும் தனி மருந்துகள் இருக்கின்றன. மற்றபடி அவர் அம்மா பக்கத்தில் தாராளமாக உட்காரலாம், எரிகிற இடுப்பில் இடித்துவிடாமல்.