சம்பளமும் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூலை 31 மலேசிய வீரர் தினத்தையொட்டி, நம் இராணுவ வீரர்களைத் தியாகிகள் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். 1943-இல் நம் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவர்களைத் தியாகிகள் என்பது பொருந்தும். மலேசிய இராணுவத்தில் சேர்ந்த நம்மவர்களோ பால்வெட்டுக் கூலி போதாமல் மாதச் சம்பளத்துக்காகப் போனவர்கள். வேலைக்குப் போனவரைத் தியாகி என்பது மிகையல்லவா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மலேசிய இராணுவத்தின் முன்னாள் ரேஞ்சர் படைவீரர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் தயங்கிக் கேட்டதை அவர் கூச்சமில்லாமல் சொல்வார்: மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது, லயத்து வீட்டில் ஏழு பேர், சம்பளத்துக்குத்தான் போனேன் என்று. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்படுவதற்கு முன், கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு அஞ்சி இராணுவக் காவலோடு காடு வெட்டிய காலத்தில், அந்தக் காவலில் நின்றவர் அவர். இன்றும் பாதையில் ஒரு நைலான் கயிறு கிடந்தால் தாண்டமாட்டார். கண்ணிவெடி கட்டியிருக்கிறதோ என்பதுபோல் நின்று இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போவார். அந்தப் பழக்கத்துக்கும் சேர்த்தா சம்பளம் கொடுத்தார்கள்?

நேதாஜி படையினரை நீங்கள் இலட்சியத்தின் பக்கம் நிறுத்துகிறீர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததை நினைத்தால் எனக்கும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் அது ஜப்பானியர் காலம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்ற காலம்; 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப்போன காலம். அதற்குத் தப்பவே படையில் சேர்ந்த ஆண்களும் உண்டு. பசியும் பயமும் கலந்திருந்ததால் அவர்களுடைய பங்கைக் குறைத்து மதிப்பீர்களா? மாட்டீர்கள். அதே அளவுகோலை இவர்களுக்கும் வையுங்கள்.

சயாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்காக அழுகிறோம். தாமாக முன்வந்தவர்களுக்கு மரியாதை செய்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், பெயர் கொடுத்த தொழிலாளி, கங்காணியோடு பிணக்கென்றால் வேறு தோட்டம் பார்த்துப் போகலாம். (பரேடுதான் நம் வாயில் பெரட்டானது என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.) இராணுவத்தில் எவரும் கட்டாயப்படுத்தாமல் கையெழுத்திட்டவர், அதன்பின் எந்தக் காட்டுக்கு அனுப்பினாலும் போயாக வேண்டும். சம்பளம் உழைப்புக்கு; போயாக வேண்டிய அந்தக் கடப்பாட்டுக்கு விலை கிடையாது. செஞ்சோற்றுக் கடன் என்று நம் முன்னோர் சொன்னதும் சோறு வாங்கித் தின்ற வீரனைப் பற்றித்தான். தின்ற சோற்றைக் காரணம் காட்டி அவனுக்கு நடுகல் மறுக்கப்படவில்லை. தியாகி என்ற சொல் உங்களுக்கு உறுத்துமானால் விட்டுவிடுங்கள். அதற்காக நான் வாதாடப்போவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சாதாரண நிலை வீரர் 21 ஆண்டுகள் பணியாற்றினால்தான் மாத ஓய்வூதியம். படுத்த படுக்கையான தாயைக் கவனிக்க 13 ஆண்டுகளில் வெளியேறிய இவருக்கு அது இல்லை. பிறகு தொழிற்சாலை ஒன்றில் இரவு ஜாகா (காவலாளி) வேலை பார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தார். வீரர் தினத்தன்று பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தொலைக்காட்சியின் முன் உட்காருவார். வருடத்துக்கொரு முறை குத்தியே அந்த வெள்ளைச் சட்டைப் பையின் மேல் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்திருக்கின்றன.

முன்னாள் வீரர்களுக்கான உதவித்தொகைக்கு மனுச் செய்ய, வரும் திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போகிறோம். படிவத்தை நிரப்ப நான் தேவையில்லை, அவருடைய மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். காரோட்டத்தான் என்னைக் கேட்டிருக்கிறார். பின் இருக்கையில் இடமிருக்கிறது. உங்கள் கேள்வியை அவரிடமே கேட்கலாம், கோபித்துக்கொள்ளமாட்டார்.