ஆயில் தடவிய ஏர் ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்தினால் சென்சார் கெட்டுப்போகுமா?

கழுவிக் கழுவிப் போடும் பருத்தி ஃபில்டரை வாங்கிவிட்டீர்கள், முதல் தடவை கழுவும் நேரம் வந்துவிட்டது. ஆயில் பட்டால் சென்சார் போச்சு என்று ஒருவர் பயமுறுத்துகிறார், அதெல்லாம் வெறும் கதை என்று இன்னொருவர் சிரிக்கிறார். யாரை நம்புவது என்றுதானே கேட்கிறீர்கள்? கெடும். நானே கெடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழியை ஃபில்டர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

முன்பே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. வாரமெல்லாம் கணக்கு எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறக்கிற ஆள். தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். "பதினைந்து வருஷமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மட்டும் வராதீர்கள். இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கிற அந்த சென்சாரே உங்கள் வண்டியில் இல்லாமல் இருக்கலாம். பல இன்ஜின்கள், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடுகிற மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்குப் போட்டுக்கொள்கின்றன. ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் நாலைந்து ஒயர் போகிற சாக்கெட் இருந்தால் அது பெரும்பாலும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். இரண்டே ஒயர் என்றால் காற்றின் சூட்டை மட்டும் பார்க்கிற சென்சார், அதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை.

சரி, என் கதை. கழுவியதில் நான் தப்பு செய்யவில்லை. கிளீனர் அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டு, நிழலில் காயவைத்தேன். ஆயில் போடும்போதுதான் புத்தி போயிற்று. மடிப்பு மடிப்பாக ஒரு கோடு அடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. இருபது நிமிஷம் விட்டிருந்தால் ஆயில் தானே பஞ்சில் ஊறிப் பரவியிருக்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்னொரு சுற்று, அதற்கு மேலும் ஒன்று. அந்தச் சிவப்பு ஆயிலில் ஃபில்டர் செக்கச்செவேல் என்று ஆனபோது பார்க்க அவ்வளவு திருப்தி. அன்றே மாட்டி, அன்றே நெடுஞ்சாலையில் விரட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஐடிலிங்கில் குறை ஒன்றும் தெரியவில்லை, ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் வண்டி யோசித்து யோசித்துப் போனது. ஒர்க்‌ஷாப்பில் பி0171 என்று எரர் நம்பர் வந்தது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் குறைகிறதா, அப்படியானால் பம்ப்தான் என்று முடிவுகட்டி பம்ப்பை மாற்றினார்கள். ஃபில்டருக்கு நான் ஆயில் போட்டதை இரண்டு முறை சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையை ஆட்டினார், ஜாப் கார்டில் எழுதவில்லை. மூன்றாம் நாள் லைட் மறுபடியும் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் நானே ஒரு ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் குறைவதைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிவிடுகிற சதவீதம், +19ல் நின்றது. அந்த சென்சாருக்குள் முடி மாதிரி ஒரு கம்பி இருக்கும், சில வண்டிகளில் மெல்லிய படலம். அதைச் சூடாகவே வைத்திருப்பார்கள். காற்று பட்டால் ஆறும். சூட்டை நிலையாக வைக்க எவ்வளவு கரன்ட் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் அளவு தெரிந்துவிடும். கம்பியில் ஆயில் பட்டு, அதில் தூசி ஒட்டினால் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடுகிறது. காற்று பட்டும் ஆறுவதில்லை. வருகிற காற்றைக் குறைவு என்று நினைத்து இன்ஜின் பெட்ரோலைக் குறைக்கிறது. வேகத்தில்தான் இது நன்றாகத் தெரியும்.

குழாயின் உட்சுவரை வெள்ளை டிஷ்யூவால் துடைத்தேன். இளஞ்சிவப்பாக வந்தது. அப்போதே வயிற்றைக் கலக்கியது. சென்சாரைக் கழற்றலாம் என்றால் ஸ்க்ரூவுக்கு நடுவில் ஓட்டை உள்ள டி20 ஸ்டார் பிட் (நட்சத்திர முனை) வேண்டும். என்னிடம் முழு செட் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று வாங்கிப்போய், நாலு மாதம் கழித்துப் பெட்டியை மட்டும் பத்திரமாகத் திருப்பித் தந்தார். டி20 இருக்கவேண்டிய குழி காலி. கேட்டால் "அப்பவே இல்லையேண்ணே" என்கிறார். கருவி இரவல் கொடுப்பதைப் பற்றித் தனியாகக் கேள்வி வந்தால் நான்கு பக்கம் எழுதத் தயாராக இருக்கிறேன்.

புது பிட் வாங்கிக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கம்பியில் பழுப்பு நிறத்தில் பூனைமயிர் போலப் படிந்திருந்தது. கம்பியைத் தொடாமல், அதற்கென்றே விற்கிற சென்சார் கிளீனரைப் பத்துப் பன்னிரண்டு முறை பீச்சினேன். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், இயர் பட்ஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் கம்பி அறுந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, எரர் நம்பரை அழித்துவிட்டு ஓட்டினேன். ஒரு வாரத்தில் ட்ரிம் +3க்கு இறங்கியது.

வண்டி பழசு, தூசி தானாகவே படிந்திருக்கும் என்று சொல்வீர்கள். இருக்கலாம். பெட்ரோல் போதவில்லை என்கிற இந்த எரர் நம்பருக்குக் காற்றுக் கசிவும் காரணமாகலாம், அதுவும் தெரியும். ஆனால் டிஷ்யூவில் வந்த அந்தச் சிவப்பு வேறெங்கிருந்து வரும்? நான் சென்சாரைத் தவிர எதையும் தொடவுமில்லை. அதே ஃபில்டரை அப்புறம் மூன்று முறை கழுவிவிட்டேன், லைட் எரியவில்லை.

இப்போது மடிப்புக்கு ஒரே கோடு. இருபது நிமிஷம் கழித்து வெள்ளை தெரிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, ரப்பர் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டுக் காலையில்தான் மாட்டுகிறேன். பஞ்சு முழுசாகக் காயாமல் ஆயில் போட்டால் ஊறாது. அவசரத்துக்கு ஹேர் டிரையர், கம்ப்ரஸர் காற்று எதுவும் வேண்டாம். பயந்துபோய் ஆயிலே போடாமல் மாட்டுகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். வெறும் பஞ்சு தூசியை உள்ளே விட்டுவிடும், அது சிலிண்டரைத் தேய்க்கும். இன்ஜின் ஆயிலைத் தடவுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை.

மைலேஜ் கூடும் என்று நம்பி வாங்கியிருந்தால் மன்னிக்கவும். 2009ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, இந்தக் கால ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அடைத்ததற்கே அப்படியென்றால் நல்ல பேப்பர் ஃபில்டரை மாற்றி என்ன கூடிவிடப்போகிறது? நான் வைத்திருப்பது திரும்பத் திரும்ப வாங்க வேண்டாமே என்பதற்காக.

ஏற்கெனவே ஆயிலை அதிகமாக அடித்துவிட்டீர்கள் என்றால் வண்டியை எடுக்காதீர்கள். ஃபில்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி நிற்கவையுங்கள். காலையில் தாளில் சிவப்பாக வட்டம் இருந்தால் மறுபடி கழுவுவதுதான் வழி.