அவசரமில்லை என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி) தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது சூப்பர்வைசர். சுமார் 130 பேர் இருக்கிறோம். அடுத்த வருடம் நடுவில் உற்பத்தி முழுவதையும் மெக்சிகோவுக்கு மாற்றப் போகிறார்கள். மேனேஜர்களையும் என்னைப் போன்ற நாலைந்து பேரையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இரண்டு வருடம் அங்கே தங்கிப் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. மனைவி போகச் சொல்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சோறு போட்ட ஃபேக்டரியை மூட நானே உதவுவது துரோகமா? வுர்லிட்சர் மாதிரி பெரிய கம்பெனியே ஜெர்மனிக்குப் போனதுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன். இப்போது ஒவ்வொரு வேலையாக வீடியோ எடுத்து வருகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், 61 வயது, அவர்தான் பெரும்பாலும் செய்து காட்டுகிறார். ரெக்கார்டைத் தூக்கி வைக்கும் கையை அட்ஜஸ்ட் செய்வதைப் போன வாரம் எடுத்தேன். “வேகமாகப் போகிறேனா, மெதுவாகச் செய்யட்டுமா?” என்று கேட்டு இரண்டாம் தடவை செய்தார். பேச்சுவாக்கில், மனைவியின் முழங்கால் ஆபரேஷனை அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னார். நானும் அவசரமில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றேன். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களை விட்டுப் போகணுமே என்று வருத்தமாக இருக்கிறது. நான் போகலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, மெக்சிகோவைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். “அவசரமில்லை” என்று சொன்னீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒரு தடவை டிவி பெட்டி, ஒரு தடவை ஷூ, ஒரு தடவை தையல் மெஷின். ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போகும், எழுதுகிறவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார், கடைசி வரியில் “நான் போகலாமா” என்று கேட்பார். நீங்கள் ஒன்றும் முடிவெடுத்தவர் இல்லையே, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று நாலு வரி ஆறுதல் வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஃபேக்டரியை நீங்கள் மூடவில்லை, சரி. நீங்கள் போகாவிட்டால் இன்னொருவர் போவார், அதுவும் சரி. ஆனால் அவசரமில்லை என்று சொன்னது உங்கள் வாய். அதை மேலதிகாரி சொல்லச் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அந்த ஃபேக்டரி இருக்காது. உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் வேலையோடு இன்சூரன்ஸும் போய்விடும் என்பதை 16 வருடம் அங்கே சம்பளம் வாங்கியவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கோப்ரா (COBRA) என்ற சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வேலை போன பிறகும் பொதுவாக 18 மாதம் வரை அதே இன்சூரன்ஸைத் தொடரலாம். ஆனால் முதலாளி இதுவரை கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும், அதற்கு மேல் 2 சதவீதம் வரை நிர்வாகச் செலவையும் அந்தப் பெரியவரே கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் நின்ற பிறகு. கம்பெனி அந்த இன்சூரன்ஸ் திட்டத்தையே எடுத்துவிட்டால் கோப்ராவும் கிடையாது. மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கலாம்தான்; பழைய இன்சூரன்ஸ் நின்ற 60 நாளுக்குள் சேர வேண்டும், டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கையிலிருந்து போட வேண்டிய பணம், முதலிலிருந்து ஆரம்பிக்கும், இப்போது பார்க்கிற டாக்டர் அந்தப் பட்டியலில் இருப்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு 65 ஆக வேண்டும். அவருக்கே இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவர் மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை கேட்டிருக்கவே மாட்டீர்கள். கணவனுக்கு 65 ஆனது என்பதற்காக மனைவிக்கு மெடிகேர் தானாக வந்துவிடாது. சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியத்தை 62-ல் வாங்க ஆரம்பிக்கலாம். ஆனால் அவர் வயதுக்காரர்களுக்கு முழுத்தொகை 67-ல்தான், 62-லேயே கை நீட்டினால் 30 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும்.

இவ்வளவும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. அவர் உங்களிடம் யோசனை கேட்கக்கூட இல்லை, பேச்சுவாக்கில் சொன்னார். நீங்கள் ‘உம்’ கொட்டிவிட்டு விட்டிருக்கலாம். தலையாட்டி உறுதி வேறு கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மெதுவாகச் செய்யட்டுமா என்று கேட்டாரே, எந்த வேலைக்கு? 45 ரெக்கார்ட் (சின்ன இசைத்தட்டு) ஒன்றை அடுக்கிலிருந்து எடுத்து, திருப்பி, தட்டில் உட்கார வைத்து, பாட்டு முடிந்ததும் அதே இடத்தில் சொருகுகிற கை. கொஞ்சம் இறுக்கினால் ரெக்கார்டின் ஓரத்தில் கீறல் விழும். கொஞ்சம் தளர்ந்தால் பாதி வழியில் நழுவும். 1948-ல் சீபர்க் என்ற ஜூக்பாக்ஸ் கம்பெனி 50 ரெக்கார்டை இரண்டு பக்கமும் போட்டு 100 பாட்டுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்ததும் இந்த மாதிரி நுணுக்கத்தால்தான். அந்த வித்தையை ஒரு மனிதர் கேமரா முன்னால் இரண்டு தடவை செய்து காட்டுகிறார், ஏதோ நம் பையன்களுக்குப் பயிற்சிக்காக எடுக்கிறான் போலிருக்கிறது என்று நம்பி. உங்களுக்கும் அன்றைக்கு இப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்? பழகின வழக்கம், அதனால் கேட்கிறார்: புரிகிறதா, மெதுவாகச் செய்யட்டுமா. தன் வேலையைத் தானே பெயர்த்துக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்கவும் கூடும், அப்படியும் மனிதர்கள் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இதில் காசுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கேமரா பிடித்தவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். கையைக் காட்டியவருக்கு?

வுர்லிட்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வரட்டும். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரே ஜெர்மனியிலிருந்து சின்சினாட்டிக்குக் கப்பலேறி வந்தவர். ஓரமெல்லாம் குழாயில் குமிழி ஓடுமே, எல்லாரும் ஜூக்பாக்ஸ் என்றால் மனசில் நினைக்கிற பெட்டி, 1946-ல் வந்த 1015 மாடல், அது நியூயார்க் மாநிலத்தில் நார்த் டோனவாண்டாவில் செய்தது. 56,000-க்கு மேல் விற்றது. 1974-ல் அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் செய்வதை நிறுத்தினார்கள். ஜெர்மனிக் கிளை 1960-லிருந்தே நடந்துகொண்டிருந்தது, அது தொடர்ந்தது. அதே 1015-ஐ 1980-களில் பழைய ஞாபகத்துக்காக மறுபடியும் செய்து விற்றதும் அந்த ஜெர்மனிக்காரர்கள்தான். 2013-ல் அங்கேயும் நின்றுபோனது. ஆக ஊர் மாறுவது உலக வழக்கம் என்பது உண்மை. அதை நானும் மறுக்கவில்லை. மெக்சிகோவில் வேலைக்கு வரப்போகிறவர்கள் யார் வீட்டுச் சோற்றையும் பிடுங்க வரவில்லை, அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும். அவர்களுக்கு நன்றாகத் தொழில் சொல்லிக் கொடுப்பதில் ஒரு துரோகமும் இல்லை. உங்கள் துரோகத்தை நீங்கள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பெனி, ஃபேக்டரி, நாடு என்று பெரிய பெரிய பெயர்களிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள். பக்கத்து பெஞ்சில் நிற்கிற மனிதரிடம் உங்களுக்கு “வருத்தம்” மட்டும்தான்.

மனைவி போகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்த முழங்கால் விஷயத்தைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் கடிதத்தில் வந்திருக்கும். சம்பளத்தை மட்டும் சொல்லி யோசனை கேட்டால் சம்பளத்துக்குத்தான் பதில் வரும். இதே ஆபரேஷன் உங்கள் அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் போகப் போகிறது என்று காதில் விழுந்த அன்று ராத்திரியே போன் போட்டு, தேதி வாங்கியாச்சா இல்லையா என்று வீட்டையே உலுக்கியிருப்பீர்கள். தொழில் கற்றுக்கொடுத்தவர் எனக்குத் தகப்பன் ஸ்தானம். அதில் ரத்த பந்தம் உண்டா, அவர் நம் ஊர்க்காரரா, நம் பாஷை பேசுகிறாரா என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. பழைய காலத்து ஆள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிவதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்து என்பீர்கள். அவருக்கும் குடும்பம்தான் இருக்கிறது தம்பி, அவர் மனைவி முழங்கால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறாள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

ரகசியம் காப்பேன் என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். அவசரப்பட்டு நீங்களே மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்ல எந்த வக்கீலும் தேவையில்லை. நாளைக்குக் காலையில் காபி குடிக்கும்போது அவரிடம், “அன்றைக்கு நான் சொன்னது தப்பு. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் கையில் இருக்கும்போதே இந்த வருஷமே முடித்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். ஃபேக்டரியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஏன் என்று கேட்டால், கேட்பார், அப்போது கண்ணைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 61 வயது மனிதருக்கு அதுவே நிறையச் சொல்லிவிடும்.

அப்புறம் மேனேஜரிடம் போங்கள். அந்தப் பெரியவருக்கு விஷயத்தைச் சொல்கிறவரை அவரை வைத்து இனி வீடியோ எடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் அவர்களுக்கும் ரொம்பப் பேர் இல்லை, அதனால்தான் உங்களுக்கு ஒன்றரை மடங்கு தருகிறார்கள். சொல்லிவிட்டுக் கேளுங்கள்: பயிற்சிக்காக அவர் செலவழிக்கிற நேரத்துக்குத் தனிப் பணம், ஃபேக்டரி மூடிய பிறகு ஒரு வருடமாவது ஆலோசகராக ஒரு ஒப்பந்தம், அதுவரை இன்சூரன்ஸ். எல்லாம் கிடைக்காது. கேட்காமல் எதுவுமே கிடைக்காது.

100 பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனி ஃபேக்டரியை மூடினால் 60 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1988-லிருந்து சட்டம் இருக்கிறது. எப்படியும் அதில் தெரிந்துவிடுமே என்று நீங்கள் தேற்றிக்கொள்வீர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். 60 நாளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எலும்பு டாக்டரின் அப்பாயிண்ட்மென்ட், ஸ்கேன், இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுமதி, ஆபரேஷன் தேதி, அப்புறம் வாரக்கணக்கில் பிசியோதெரபி. அதிலும் 130 பேரும் ஒரே நேரத்தில் அதே ஓட்டம் ஓடுவார்கள். வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை போனவர்களுக்கென்று மத்திய அரசு உதவித் திட்டம் ஒன்று இருந்தது. புதிய மனுக்களுக்கு ஒப்புதல் தருவதை 2022 ஜூலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியும் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைசி நாளில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள்: வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பணம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கூட்டமாக வேலையை விட்டு அனுப்பும்போது, வயது பாரபட்சத்துக்காக வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிற காகிதம் என்றால் அதைப் படித்து யோசிக்க 45 நாள் கொடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனசு மாற்றிக்கொள்ளலாம். இதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். அங்கேயே, நின்ற இடத்திலேயே பேனாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். போன வாரம் கேட்டாரே.

விஷயம் தெரிந்ததும் அவர் உங்கள்மேல் கோபப்படலாம், பேச்சை நிறுத்தலாம், அந்தக் கையை இனிமேல் யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது அவர் உரிமை. பாதி எடுத்த வீடியோவோடு நீங்கள் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். அதற்கும் தயாராகப் போங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று எனக்கே தெரியும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மெக்சிகோவைப் பற்றி அப்போது பேசுவோம்.