வயதானவர்களின் வாய் வறட்சி: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. வாய் காய்ந்துபோகிறது என்கிறார். மருத்துவரோ "ஈரமாகத்தானே இருக்கிறது" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். வறட்சி என்பது அம்மா உணர்வது. உமிழ்நீர்க் குறைவு என்பது மருத்துவர் பார்த்தும் அளந்தும் சொல்வது. ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம். உணர்வை அளக்க 1999இல் வந்த 11 கேள்விப் பட்டியல் உண்டு. சாப்பிடும்போது வாய் காய்கிறதா, இரவில் தண்ணீர் குடிக்க எழுகிறாரா, உதடு வறள்கிறதா என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மிக அடிக்கடி' என்றால் 5. மொத்தம் 11 முதல் 55 வரை. சீக்கிரம் களைத்துவிடுபவர்களுக்கு 5 கேள்விச் சுருக்கமும் இருக்கிறது. பதிலை அம்மாவே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வயதானால் வாய் வறள்வது இயல்புதானே?

பதில்: இல்லை. முதலில் அவர் விழுங்கும் மாத்திரைகளைப் பாருங்கள்.

கேள்வி: உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். எச்சிலை அளந்துவிட்டால் போதுமே, கேள்விப் பட்டியல் எதற்கு?

பதில்: அளக்கலாம். ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஊறுவதை 5 நிமிடம் கிண்ணத்தில் வடிய விட வேண்டும். எடை பார்த்தால் 1 கிராம் கிட்டத்தட்ட 1 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 0.1 மி.லி. அல்லது அதற்கும் கீழே என்றால் குறைவு. ஆனால் முன்பு 0.5 ஊறியவருக்கு இன்று 0.25 என்றால் பாதி போய்விட்டது. அவருக்கு வாய் காயும். எண்ணோ 'சரி' என்னும்.

கேள்வி (அதே நபர்): அப்படியானால் 0.1 என்ற கோடே வீண்தானே?

பதில்: வீணில்லை. அதற்குக் கீழே போனவருக்குப் பல் சொத்தையும் வாயில் பூஞ்சைத் தொற்றும் வரும் வாய்ப்பு கூடுதல், அவர் எதையும் உணராவிட்டாலும். கோடு சொல்வது அதைத்தான். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் குறித்துவையுங்கள். மறுமுறை அளக்கும்போதும் அதே நேரத்தில் அளங்கள்; உமிழ்நீர் நாளின் பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும்.

கேள்வி: அப்பா சிறுநீர்ப்பை மாத்திரை எடுக்கிறார். அதனாலா?

பதில்: இருக்கலாம்.

கேள்வி: ஒவ்வாமை மாத்திரை?

பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாத்திரைப் பட்டியலையும் மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள், அவரே பேசட்டும்.