விண்வெளிப் புகைப்படக் காப்பகங்களில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நாசா, இஸ்ரோ போன்ற அமைப்புகள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் புகைப்பட, வீடியோ காப்பகங்களுக்குள் போனால் திசை தெரியவில்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் தொடங்குங்கள் என்பதே என் பதில். நன்றாகத் தெரிந்த ஓர் இடம், உங்கள் வீட்டில் யாரும் மறக்காத ஒரு தேதி, இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அழகான படம் வேண்டும் என்று மட்டும் போனால், அங்கே எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் கண் சலித்துவிடும்.

மன்னார்குடியில் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை நான் நடத்துகிறேன். அப்பா காலத்தில் 120 என்ற ஃபிலிம் ரோல். ஒரு ரோலில் 12 படம். கல்யாண வீட்டார் கேட்டு வாங்கிப் போவது அதில் இரண்டோ மூன்றோ. மிச்சமெல்லாம் நெகட்டிவாக எங்களிடம் தங்கிவிடும். அன்றைக்கு அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தால், விண்வெளிக் காப்பகத்திலும் ஒரு புகழ்பெற்ற படத்தைப் பார்த்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பிரேம்களை உடனே தேடிப் போவேன்.

எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். முழு வட்டமாக நீலப் பூமி. ஆப்பிரிக்காவும் அரேபியாவும் தெளிவாக, கீழே அண்டார்க்டிகா வெள்ளையாக. 1972 டிசம்பர் 7 அன்று, அப்பல்லோ 17 நிலவுக்குப் போகும் வழியில், பூமியிலிருந்து ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவில் எடுத்தது. அதன் எண் ஏஎஸ்17-148-22727. முதல் பகுதி பயணத்தின் பெயர், நடுவில் இருப்பது ஃபிலிம் மேகசின் (ரோல் இருக்கும் பெட்டி), கடைசியில் பிரேம். இந்த எண் தெரிந்துவிட்டால் 22725, 22726, 22728 என்று அடுத்தடுத்த பிரேம்களையும் பார்த்துவிடலாம். மூலப் படத்தில் தென்துருவம் மேலே இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் வந்திருப்பது திருப்பி வைத்து அச்சிட்டது. எடுத்தவர் யார் என்று ஒருவர் பெயர் கிடையாது. அதில் பயணம் செய்த செர்னன், எவன்ஸ், ஷ்மிட் ஆகிய மூவர் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

இப்போது வடக்கு மேலே இருக்கும்படி வைத்து, வலப்பக்க மேல் ஓரத்தைப் பெரிதாக்குங்கள். அங்கே ஒரு மேகச் சுழல் தெரியும். படம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 5 அன்று, தமிழ்நாட்டைக் காற்றிலும் வெள்ளத்திலும் அடித்துவிட்டுப் போன புயல் அது. கடலூர்ப் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் புயல் என்று பேச ஆரம்பித்தால் 1952-ஐயும் 1977-ஐயும்தான் சொல்வார்கள்; 1972 பேச்சில் அவ்வளவாக வராது. ஆனால் மனிதர்கள் எடுத்த படங்களிலேயே மிக அதிகமாக அச்சானவற்றில் ஒன்றில் அந்தப் புயல் இருக்கிறது. ஸ்டுடியோ சுவரில் அந்தப் படத்தை மாட்டி, சுழலுக்கு நேரே சிறு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள்கூட எழுந்து போய்ப் பார்க்கிறார்கள். ஊரும் தேதியும் தெரிந்து பார்ப்பதற்கு இருக்கும் பலம் இதுதான்.

ரோல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னோர் உதாரணம், அப்பல்லோ 11-இன் மேகசின் 40. ஆல்ட்ரின் நேரே நிற்க, அவருடைய முகக்கண்ணாடியில் ஆம்ஸ்ட்ராங் பிரதிபலிக்கும் படம் (5903-ஆம் பிரேம்) இதில்தான் இருக்கிறது. மூலத்தில் பிரேம் சாய்ந்திருக்கிறது, ஆல்ட்ரினின் தலைக்கு மேலே இடமே இல்லை. பத்திரிகைகளில் வந்த படத்தில் மேலே கறுப்பு வானத்தைச் சேர்த்து நிமிர்த்தியிருக்கிறார்கள். தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சாய்ந்த மூலப் படம்தான் பிடிக்கும். கேமரா மார்பில் மாட்டியிருந்தது. கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது. உடம்பைத் திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும். அப்படி எடுத்தும் ரோலில் இத்தனை படங்கள் கூர்மையாக வந்திருக்கின்றன. கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங்கிடமே இருந்ததால், நிலவில் முதலில் கால் வைத்தவர் அந்த ரோலில் மிக அரிதாகவே தென்படுகிறார் என்பதும் பிரேம் பிரேமாகப் பார்க்கும்போது தானாகப் புரியும்.

இந்த அப்பல்லோ ரோல்கள் 2015-இல் 'ப்ராஜெக்ட் அப்பல்லோ ஆர்க்கைவ்' என்ற பெயரில் ஃபிளிக்கரில் மேகசின் வாரியாக ஏற்றப்பட்டன. இன்னும் நுணுக்கமான ஸ்கேன் வேண்டுமென்றால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'மார்ச் டு த மூன்' தளத்தில் மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ என்ற நாசாவின் மூன்று விண்பயணத் திட்டங்களின் படங்களுமே இருக்கின்றன. மூல ஃபிலிம்களை ஹூஸ்டனில் உறைகுளிரில் பாதுகாக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போன நெகட்டிவ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அரை நூற்றாண்டு கடந்தும் கறையில்லாமல் இருக்கும் ஒரு பிரேமைத் திறக்கும்போது, அதைக் காப்பாற்றியவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். விண்வெளி வீரர்கள் கையில் கேமரா பிடித்துப் பூமியை எடுத்த படங்களுக்கென்று தனிக் காப்பகம் உண்டு. 'கேட்வே டு ஆஸ்ட்ரோநாட் போட்டோகிராஃபி ஆஃப் எர்த்' என்று தேடினால் வரும். அதில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துத் தேடலாம். தஞ்சாவூருக்கு வடக்கு 10.8, கிழக்கு 79.1, கோடியக்கரைக்கு 10.3, 79.8. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு இடக்குறிப்புகள் இருக்கும்: எடுக்கும்போது விண்கலம் எதற்கு நேர் மேலே இருந்தது என்பது ஒன்று, படத்தின் நடுவில் எந்த இடம் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது குறிப்பு எல்லாப் படங்களுக்கும் பதிவாகியிருக்காது. இலங்கைக்கு மேலோ வங்கக் கடலுக்கு மேலோ போய்க்கொண்டிருக்கும்போது சாய்வாக நம் காவிரி டெல்டாவை எடுத்திருக்கலாம். ஆகவே விண்கலத்தின் இடத்தை வைத்தும், கொஞ்சம் பரந்த எல்லை கொடுத்தும் தேடுங்கள். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படம் கிடைத்ததும் அது டெல்டாதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அண்ணன் மகள் இதைத்தான் முதலில் கேட்டாள். கோடியக்கரையைத் தேடச் சொன்னேன். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் கடற்கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்பும். அந்த மூலை எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அதைப் பிடித்துவிட்டால் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வேதாரண்யம் உப்பளங்கள், வடக்கே வீராணம் ஏரி என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். 1966 செப்டம்பரில் ஜெமினி 11-இல் போன கான்ராடும் கார்டனும் எடுத்த தென்னிந்தியப் படத்திலும் அதே மூலை இருக்கிறது. அந்தப் பயணம் 1,370 கிலோமீட்டர் வரை உயரம் தொட்டது. ஒரே பிரேமில் அரபிக் கடல், வங்கக் கடல், இலங்கை எல்லாம் வந்துவிடுகின்றன.

லென்ஸ் கணக்கு தெரிந்தால் தேடல் இன்னும் எளிது. காப்பகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் என்று குறித்திருக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு நேர் கீழே எடுத்தால், அகலம் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வரும். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை தாராளமாக அடங்கும். 400 மில்லிமீட்டர் என்றால் 36 கிலோமீட்டர்: கும்பகோணமும் சுற்றியுள்ள ஊர்களும். 800 என்றால் 18 கிலோமீட்டர்தான். அதில் எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைத் தேடலாம்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை டெல்டாவின்மேல் பெரும்பாலும் மேகம்தான். தை, மாசியில் வானம் தெளிந்துவிடும்; சம்பா அறுவடை நடக்கிற வயல்கள் மஞ்சளாகவும், தாளடி நிற்கிற வயல்கள் பச்சையாகவும் இருக்கும். சூரிய ஒளி நீரில் பட்டுக் கேமராவுக்கே திரும்பும் கோணம் அமைந்துவிட்டால், வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, வாய்க்கால், குளம், ஏரி என்று தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் வெள்ளிக் கம்பியாக மின்னும். நான் இந்த வகைப் படங்களைத்தான் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறேன். கரிகாலன் காலத்திலிருந்து தண்ணீரைப் பிரித்து அனுப்பிய வேலை எவ்வளவு பெரியது என்பது தரையில் நின்று பார்த்தால் இந்த அளவுக்குத் தெரிவதில்லை.

குறிப்பிட்ட ஒரு நாள் வேண்டுமென்றால் செயற்கைக்கோள் பக்கம் போங்கள். நாசாவின் 'வேர்ல்ட்வியூ'வில் 2000-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒவ்வொரு நாளின் படமும் இருக்கிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முந்தைய நாள் 15-ஆம் தேதியைக் கொடுத்தால், கடலில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் அந்தப் புயலைப் பார்க்கலாம். நுணுக்கம் வேண்டுமென்றால் ஐரோப்பியர்களின் சென்டினல்-2: 10 மீட்டர் அளவு வரை தெரியும், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். புயலுக்கு முன்னும் பின்னும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் வாரம் ஒரு படம் என்று எடுத்து அடுக்கினால், பம்புசெட் இருக்கும் இடம் முன்பே பச்சையாகியிருப்பதும் ஆற்றுத் தண்ணீரை நம்பிய இடம் பிறகு பச்சையாவதும் கண்முன் தெரியும். இன்னும் பழைய காலம் வேண்டுமென்றால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை. 1972-இல் தொடங்கியது, 2008 முதல் இலவசம்.

வீடியோவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாசாவின் படம் மற்றும் வீடியோ நூலகத்தில் 2017 முதல் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் தேடலாம். ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது 'அப்பல்லோ இன் ரியல் டைம்' தளம். பென் ஃபைஸ்ட் என்பவர் முன்னின்று உருவாக்கியது. அப்பல்லோ 11-க்கு மட்டும் 11,000 மணி நேரக் கட்டுப்பாட்டறை ஒலிப்பதிவு அங்கே இருக்கிறது. ஃபிலிம், புகைப்படம், பேச்சு எல்லாவற்றையும் அந்தந்த நொடியோடு சேர்த்து ஓடவிட்டிருக்கிறார்கள். 1969-இல் நம் நாட்டில் டெல்லியில் மட்டும்தான் டெலிவிஷன்; சென்னைக்கு வந்தது 1975-இல். டெல்டாவில் இருந்தவர்களுக்கு அன்று ரேடியோவும் மறுநாள் செய்தித்தாளும்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து இந்தத் தளத்தைப் பாருங்கள். வேறு இடங்களில் தரையிறங்கும் காட்சி வேகமாக ஓடுவதுபோல் தெரிந்தால் குழம்ப வேண்டாம்: ஃபிலிமை மிச்சப்படுத்த நொடிக்கு 6 பிரேம் என்று குறைத்து எடுத்தார்கள், அதை 24 வேகத்தில் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். நிலவிலிருந்து நேரடியாக வந்த டிவி சமிக்ஞையைப் பதிந்த மூல டேப்புகள் பிற்பாடு அழித்துத் திரும்பப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009-இல் அறிவித்தது. இன்று நாம் பார்ப்பது, ஒளிபரப்புக்காக மாற்றிய பிரதிகளைச் சீர்படுத்தியது. எனக்கு இது பெரிய வருத்தம்.

இஸ்ரோவின் தரவுகளுக்குப் 'பிரதான்' தளம். பெயர் பதிந்துகொண்டு, சந்திரயான்-2, மங்கள்யான் போன்றவற்றின் படங்களை எடுக்கலாம். சந்திரயான்-2-இன் ஓஎச்ஆர்சி கேமரா நிலவில் 30 சென்டிமீட்டருக்கும் குறைவான அளவு வரை காட்டும். கோப்புகள் ஆய்வாளர்களுக்கான வடிவில் இருப்பதால் முதல் படியாக அங்கே போகச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பழகிய பிறகு அவசியம் போங்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் 'நாசா எடுத்த தீபாவளி இரவு' என்று பல நிறங்களில் ஒளிரும் இந்திய வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறதல்லவா? அது ஓர் இரவில் எடுத்தது இல்லை. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, நகர விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்டத் தயாரித்தது. வெள்ளை 1992-க்கு முன்பே இருந்தவை. நீலம் 1992, பச்சை 1998, சிவப்பு 2003. 2012 தீபாவளியின்போது நாசாவே உண்மையான இரவுப் படத்தை வெளியிட்டு விளக்கம் தந்தது. காப்பகத்தில் படத்தோடு இருக்கும் குறிப்பைப் படிக்காமல் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓவியரின் கற்பனை என்றால் அதிலேயே எழுதியிருப்பார்கள்.

பிரிண்ட் போடலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நாசாவின் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. வீட்டுக்கோ பள்ளிக்கோ தாராளமாகப் போடலாம், நாசா என்று குறிப்பிட்டால் போதும். ஐரோப்பிய விண்வெளி முகமை, இஸ்ரோ படங்களுக்கு விதி வேறு, அந்தந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் போட்டால் பின்பக்கத்தில் படத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு யாராவது அதை எடுத்துப் பார்த்தாலும், அந்த எண்ணைக் கொடுத்தால் மூலப் படமும் அதன் பக்கத்துப் பிரேம்களும் கிடைத்துவிடும்.